கொழும்பு வேனுக்கு ஒரு கோழி

உங்கள் பிள்ளையின் படம் கலண்டரில் வந்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்களா, மாட்டீர்களா?

பிலிப்பு சந்தோஷப்பட்டான். ஒரு நிமிடம். பசறை டவுனுக்கு முடி வெட்டப் போயிருந்தான். சலூன் கண்ணாடிக்கு மேலே அவன் மகள் நிலுக்ஷி தொங்கிக்கொண்டிருந்தாள். தோளில் புதுப் புத்தகப் பை, கையில் பாதி கடித்த பனிஸ் ரொட்டி, கன்னத்தில் கண்ணீர், மூக்குக்குக் கீழே சளி. படத்தின் அடியில் கொட்டை எழுத்தில், "ஓர் ஏழைப் பிள்ளையின் கண்ணீரைத் துடைப்போம்." அதற்கும் கீழே பன்னிரண்டு மாதங்கள்.

"யாரு பெத்த புள்ளையோ பாவம்," என்றான் முடி வெட்டுகிறவன்.

"நான் பெத்ததுதான். அது ஒண்ணும் அழல. பனிஸுக்குள்ள வச்ச சம்பல் காரம்."

"அப்பிடியா? இதப் பாத்துட்டு நாலு பேரு அழுதுட்டுப் போனாங்களே!"

நடந்தது இதுதான். போன நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, கொழும்பிலிருந்து ஒரு சங்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் வேனில் வந்தார்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு பையும் பனிஸும் கொடுத்தார்கள். பை கொடுத்த நேரத்தைவிடப் படம் எடுத்த நேரம் அதிகம். ஜனவரியில் கலண்டர் வந்தது. சலூனில் தொங்கியது, மருந்துக் கடையில் தொங்கியது, கடைசியில் நிலுக்ஷியின் பள்ளிக்கூட ஒபிஸிலும் தொங்கியது. அன்றிலிருந்து வகுப்பில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"கண்ணீரு, இங்க வா."

"கண்ணீரு, அழிரப்பர் தா."

எட்டு வயதுப் பிள்ளை. ஒரு வருடம் முழுவதும் கண்ணீராகவே மூன்றாம் வகுப்பைப் படித்து முடித்தாள்.

இந்த டிசம்பரில் தோட்ட ஒபிஸிலிருந்து மறுபடி செய்தி வந்தது. இருபத்து மூன்றாம் திகதி காலை பத்து மணிக்கு அதே சங்கம் வருகிறதாம். பிள்ளைகளை லயத்து வீடுகளுக்கு முன்னால் வரிசையாக நிறுத்த வேண்டுமாம். கூடவே ஒரு குறிப்பு. போன வருஷம் சில பிள்ளைகள் ரொம்ப நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு வந்ததால் படம் சரிவரவில்லையாம். இந்த முறை கவனிக்கச் சொன்னார்கள்.

நிலுக்ஷி கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் வரிசையில நிக்க மாட்டேன். எனக்குக் கிறிஸ்மஸே வேணாம்!"

"நீ நிக்க வேணாம்டி," என்றான் பிலிப்பு கதவுக்கு வெளியே நின்று. "அவனுங்கதான் நிக்கணும். இந்த வருஷம் நீ வாங்க மாட்ட. குடுப்ப."

கதவு கொஞ்சம் திறந்தது.

"என்னத்தக் குடுப்பா?" என்றாள் பிரான்சிஸ்கா. அவன் மனைவி. காலையிலிருந்து மலையில் கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"தேயில. நம்ம தேயிலதான். அவங்களே கொழும்புல காசு குடுத்து வாங்கிக் குடிக்கிறாங்க. நாம சும்மா குடுப்போம்."

"குடுத்து?"

"நான் படம் எடுப்பேன். பதுளையில ஸ்டூடியோவுல குடுத்துக் கலண்டர் அடிப்பேன். 'கொழும்பு ஆளுங்களின் கண்ணீரைத் துடைப்போம்.' அவங்க ஒபிஸுக்கே அனுப்புவேன்."

"கிறிஸ்மஸுக்குப் புள்ளைங்களுக்கு அன்பு சொல்லிக் குடுக்கிறீங்களா, சண்ட சொல்லிக் குடுக்கிறீங்களா?"

"ரெண்டையும் சேத்துத்தான் சொல்லிக் குடுக்கணும். இல்லாட்டி நம்ம அன்ப எவனும் மதிக்க மாட்டான்."

அன்றைக்கே வேலை தொடங்கியது. பிரான்சிஸ்கா பழைய கவுனைக் கிழித்துப் பன்னிரண்டு குட்டிப் பைகள் தைத்தாள். நிலுக்ஷி ஒவ்வொன்றிலும் தேயிலைத் தூள் நிரப்பி நூலால் கட்டினாள். அவள் தம்பி, ஐந்து வயது றிச்சர்ட், மினுமினுப்புக் கடதாசியில் நட்சத்திரம் வெட்டினான். வெட்டியதை யாருக்கும் கொடுக்க முடியாது என்று மடியில் வைத்துக்கொண்டான். பிறருக்குக் கொடுப்பதில் உள்ள இன்பத்தைப் பிலிப்பு அவனுக்கு அரை மணித்தியாலம் விளக்கினான். றிச்சர்ட் கேட்டுவிட்டு, "அப்ப ஒங்க போனக் குடுங்க," என்றான்.

மறுநாள் பக்கத்து வீட்டு வீரய்யா வந்தார். மாரியம்மன் கோயில் திருவிழாவில் முன்னால் நிற்கிற மனிதர். கிறிஸ்தவர் இல்லை.

"என்னா பிலிப்பு, கிறிஸ்மஸ்னா ஒங்க நாலு வீட்டுக்கு மட்டுந்தானா?"

"இல்லண்ணே, இது சும்மா..."

"என்ன சும்மா? கலண்டர்ல ஒம் மக மூஞ்சி மட்டுமா இருக்கு? பின்னாடி எம் மக காலு இருக்கு. எங்களுக்கும் மானம் இருக்கப்பா."

வீரய்யாவைச் சேர்த்துக்கொண்டதுதான் தாமதம், லயத்தில் இருந்த இருபத்திரண்டு வீடும் சேர்ந்துகொண்டது. வாங்குகிறவர்கள் பன்னிரண்டு பேர். கொடுக்கிறவர்கள் இருபத்திரண்டு வீடு.

"ரெண்டு வீடு சேந்து ஒண்ணாக் குடுங்க," என்றான் பிலிப்பு.

"சேந்து குடுத்தா யாரு கையால குடுக்கிறது?"

அதில் இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சரி, ஆளுக்கொன்று கொடுங்கள் என்று விட்டான். அது இன்னும் மோசமாகப் போனது. தேயிலை போதாது என்று ஒருவர் பூசணிக்காய் கொண்டுவந்தார். பூசணிக்காயைப் பார்த்து இன்னொருவர் வெலிமடைக்கு ஆள் அனுப்பி ஒரு கட்டு லீக்ஸும் அரை மூட்டை உருளைக்கிழங்கும் இறக்கினார். அச்சாறு போத்தல், கொக்கிஸ் பலகார டின், கேக், பழைய போர்வை என்று வந்துகொண்டே இருந்தது. வீரய்யா கடைசியாக வந்து, "நான் கோழி," என்றார்.

"அண்ணே, உயிரோட உள்ளது வேணாம்ணே. வேன்ல போற ஆளுங்க."

"அப்ப அறுத்துத் தர்றேன்."

"வேணாம் வேணாம், உயிரோடயே குடுங்க."

ஒத்திகை வைத்தார்கள். அங்கேதான் பிலிப்புவுக்கு உண்மையான சிக்கல் புரிந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தெரியவில்லை. பையை நீட்டிவிட்டு எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில், "தேங்க்யூ சேர்!" என்றார்கள்.

"குடுக்கிற நீங்க எதுக்குடா தேங்க்யூ சொல்றீங்க? வாங்கிறவங்கதான் சொல்லணும்!"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேனிலிருந்து இறங்குகிறவர்களிடம் தேங்க்யூ சொல்லத்தான் அவர்களுக்குப் பழக்கம். வேறு எதையும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"அப்ப நாங்க என்னா சொல்றது?" என்று கேட்டாள் நிலுக்ஷி.

"குடுக்கிறவங்க என்ன சொல்லுவாங்களோ அதச் சொல்லு."

பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. போன வருஷம் கேட்டதுதானே.

"நல்லாப் படிக்கணும், என்ன?" என்றது ஒன்று.

"அம்மா அப்பா சொல்றதக் கேக்கணும்," என்றது இன்னொன்று.

"தலையத் தடவணும்," என்றான் றிச்சர்ட். "குடுக்கிறவங்க தலையத் தடவுவாங்க."

"அவங்க ஒசரமா இருப்பாங்களேடா."

வீரய்யா போய் வாங்குப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் போட்டார். "ஏறி நின்னு தடவு."

பிரான்சிஸ்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிலிப்பு சிரிக்கவில்லை. "தடவட்டும். எங்க புள்ளைங்க தலையத் தடவுறப்ப கேட்டுட்டா தடவினாங்க?"

இருபத்து மூன்றாம் திகதி விடிந்தபோது மழைத்தூறலும் பனிமூட்டமும். பிள்ளைகள் இருக்கிறதிலேயே நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பத்து மணி ஆனது. பதினொன்றானது. பதினொன்றே காலுக்கு ஒரு வெள்ளை வேன் பனியைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறி வந்தது. வீரய்யாவின் ஆட்கள் தப்பு மேளம் அடித்தார்கள். வேன் ஓரமாக ஒதுங்கி நழுவப் பார்த்தது. வீரய்யா குறுக்கே போய் நின்று, "பை குடுக்கிற கொழும்பு ஆளுங்கதானே?" என்று கத்தினார்.

"பாத்தியா, நல்ல உடுப்பப் பாத்ததும் ஓடப் பாக்கிறாங்க," என்றான் பிலிப்பு.

ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார். "நான் மாரிசாமிங்க, வேன் டிரைவரு. இவங்க வந்து..."

பின் சீட்டிலிருந்து ஒரு கை அவர் தோளில் விழுந்தது. மாரிசாமி வாயை மூடினார். பிறகு, "இவங்கதான்," என்று முடித்துக்கொண்டார்.

இறங்கியது மூன்றே பேர். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், அவள் கணவன், நிலுக்ஷி வயதில் ஒரு பிள்ளை. அந்தப் பெண் பேர் ஹம்ஸியா என்றாள். கணவன் றிஸாத். மகள் ஷிப்னா.

"பன்னெண்டு பேரு வருவீங்கன்னு பாத்தோம்?" என்றான் பிலிப்பு.

"நாங்க மூணு பேருதான்," என்றாள் ஹம்ஸியா.

இருபத்திரண்டு வீடு, மூன்று பேர். பின்வாங்க முடியாது. பிலிப்பு தொண்டையைச் செருமிக்கொண்டு முந்தின நாளெல்லாம் மனப்பாடம் பண்ணியதைத் தொடங்கினான்.

"சேர், மேடம். போன வருஷம் குடுத்தது நீங்க, வாங்கினது நாங்க. இந்த வருஷம் குடுக்கிறது நாங்க. நீங்க வாங்கிக்கிட்டுத்தான் போகணும். வரிசையில நிக்கிறது எப்பிடி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது."

"தெரியும்," என்றாள் ஹம்ஸியா மெதுவாக.

"தெரியாதுங்க மேடம். நின்னாத்தான் தெரியும். இப்பிடி வந்து நில்லுங்க."

மூன்று பேரும் நின்றார்கள். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக, எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காமலே சரியாக நின்றார்கள்.

"படிச்ச ஆளுங்க. டக்குனு புரிஞ்சுக்கிறாங்க," என்றார் வீரய்யா.

பிரான்சிஸ்கா பிலிப்புவின் காதருகே வந்தாள். "ஏங்க, அந்த மனுசன் காலப் பாருங்க. ரெண்டு செருப்பும் வேற வேற."

"கொழும்புல இப்ப அதான் பேசன்."

பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பூசணிக்காய் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, தேயிலைப் பை பன்னிரண்டும் வந்தது. றிச்சர்ட் வாங்கில் ஏறி றிஸாத்தின் தலையை இரண்டு கையாலும் தடவினான்.

"நல்லாப் படிக்கணும், என்ன?"

றிஸாத்துக்கு நாற்பது வயது இருக்கும். "சரிங்க," என்றார்.

"அழக் கூடாது. அம்மா அப்பா சொல்றதக் கேக்கணும்."

"கேக்கிறேன்." றிஸாத் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெக்கம் வந்திருச்சு," என்று வீரய்யா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு கோழியைக் கொண்டுவந்து ஹம்ஸியாவின் கையில் வைத்தார். "உயிரோட இருக்குங்க மேடம். ஒங்க முறைப்படி அறுத்துக்கலாம்." பிலிப்புவின் பக்கம் திரும்பினார். "பாத்தியா? யாரு சொன்னது சரி?"

ஹம்ஸியா கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பட்டுத் துணியை அணைப்பது போல அணைத்தாள். போர்வையை வாங்கியபோது மடிப்பைப் பிரித்து, தடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அதே மடிப்பில் மடித்தாள்.

இப்போது இடப் பிரச்சினை வந்தது. வேனின் பின்பக்கம் கூரை வரைக்கும் பொதிகள். மேலே நீலத் தார்ப்பாய். இடம் பண்ணலாமென்று றிஸாத் பின் கதவில் கை வைத்தார். பிலிப்பு பாய்ந்து வந்தான்.

"தொறக்காதீங்க சேர்! அதுல ஒரு பொதி எங்க மண்ணுல எறங்கக் கூடாது. எங்களுக்கு வேணாம். கொண்டு வந்தத அப்பிடியே திருப்பிக் கொண்டு போங்க."

"எறக்க வரல்லிங்க," என்றார் றிஸாத். "எங்களுக்கும் அத வழியில எங்கயும் எறக்க ஏலாது."

"அப்ப சரி."

லயமே சேர்ந்து பூசணிக்காயையும் உருளைக்கிழங்கு மூட்டையையும் வேன் கூரையில் ஏற்றிக் கயிறு போட்டது. லீக்ஸ் கட்டு முன் சீட்டில் மாரிசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அவரால் கியர் போட முடியவில்லை. லீக்ஸைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

பிலிப்பு இதற்காகத்தான் காத்திருந்தான். போனை எடுத்தான்.

சின்னப் பிள்ளை ஷிப்னா வேன் கதவடியில் நின்று கேக் தின்றுகொண்டிருந்தாள். அவசர அவசரமாகத் தின்றாள். போட்டிருந்த சுவெட்டரின் கை அவள் கையைவிட ஒரு முழம் நீளம். குளிருக்கு மூக்கு ஒழுகியது. வாயைச் சுற்றிக் கேக் துகள். கலண்டருக்கு இதைவிட நல்ல படம் கொழும்புச் சங்கத்துக்கே கிடைத்திருக்காது. பிலிப்பு போனை நேராகப் பிடித்தான்.

திரை இருட்டானது. நிலுக்ஷியின் உள்ளங்கை.

"எடுக்காதீங்கப்பா."

"தள்ளுடி. ஒனக்காகத்தான்."

"மூக்கு ஒழுகுது."

"அதுக்குத்தான்டி எடுக்கிறேன்! ஒன்னய எடுத்தப்ப யாரு மூக்கத் தொடச்சா?"

"யாரும் தொடைக்கல. அதான் சொல்றேன்."

நிலுக்ஷி திரும்பிப் போய்த் தன் நத்தார் கவுனின் நுனியால் ஷிப்னாவின் மூக்கைத் துடைத்தாள். வாயையும் துடைத்தாள். பிலிப்பு கொஞ்ச நேரம் பொறுத்தான்.

"இப்ப எடுக்கலாமா?"

"அவகிட்டக் கேளுங்க."

பிலிப்பு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு எட்டு வயதுப் பிள்ளையிடம் அனுமதி கேட்டான். "பாப்பா, ஒரு படம் எடுக்கவா?"

ஷிப்னா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கேக்கை மட்டும் விடவில்லை.

"பாத்தீங்களா?" என்றாள் நிலுக்ஷி. "அவளுக்கு வேணாமாம்."

"அப்ப எங் கலண்டரு?"

"கலண்டர் வேணாம்பா. நாம குடுத்தாச்சுல்ல."

பிலிப்பு சுற்றிலும் பார்த்தான். வீரய்யா வானத்தைப் பார்த்தார். பிரான்சிஸ்கா, "போன உள்ள வைங்க," என்றாள். பிலிப்பு போனைச் சட்டைப் பையில் போட்டான். ஒரு வருடக் கோபம். அது பையில் போய்ச் சரியாக உட்காரவில்லை, இரண்டு தரம் எடுத்துப் போட்டான்.

வேன் கிளம்பியது. கூரையில் பூசணிக்காய், மடியில் கோழி. வளைவு திரும்பும் முன் ஷிப்னா கண்ணாடி வழியாகத் தலையை நீட்டினாள்.

"நிலுக்ஷி! போயிட்டு வாறேன் நிலுக்ஷி!"

பேர் எப்படித் தெரியும் என்று பிலிப்பு கேட்டான். "மூக்குத் தொடைக்கிறப்ப கேட்டா. சொன்னேன்," என்றாள் நிலுக்ஷி. வேன் மறைந்த பிறகும் அவள் கையாட்டிக்கொண்டே நின்றாள்.

அன்றைக்கு முழுக்க லயத்தில் வேறு பேச்சு இல்லை. ஒரு பொதி கூட வாங்காமல் கொழும்பு வேனைத் திருப்பி அனுப்பியாயிற்று. தப்பு அடித்தவர்கள் மறுபடி அடித்தார்கள். பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் பேசிக்கொண்டார்கள். "அவன் அந்தப் பொதியெல்லாம் வேற எந்தத் தோட்டத்துலயாவது போய் எறக்கப் பாப்பான்," என்றார் வீரய்யா. "அங்கயும் வாங்காம விட்டாங்கன்னா நல்லாயிருக்கும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாரிசாமி வெறும் வேனோடு அதே வழியாகத் திரும்பி வந்தார். பிலிப்பு பீலியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பிரான்சிஸ்கா தேத்தண்ணி கொடுத்தாள். மாரிசாமி நின்றபடியே குடித்தார்.

"பொதியெல்லாம் எங்க எறக்கினீங்க?" என்றான் பிலிப்பு. "எந்தத் தோட்டத்துல வாங்கினாங்க?"

"எந்தத் தோட்டத்துலயும் இல்ல. லுணுகலயில அவங்க மச்சான் வீட்டுல எறக்கினேன். கொழும்பு வேனு ரோட்டுல மண்ணு கெடக்குன்னு கேள்விப்பட்டுப் பதுளையிலயே திரும்பிருச்சுங்க. நேத்து நீங்க நிப்பாட்டினவங்க வெலிமடப் பக்கம். போன மாசம் மல சரிஞ்சு வீடு போயிருச்சு. வேனுக்குள்ள இருந்தது அந்த வீட்டுல மிஞ்சினது. ஒரு மாசமா ஒரு பள்ளிக்கூடத்துல, சோத்துக்கும் துணிக்கும் வரிசையில நின்னாங்க."

"அத நேத்தே சொல்லியிருக்கலாமேய்யா!"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தக்கா தோளப் புடிச்சு அமுக்கிட்டாங்க. 'ஒரு மாசத்துக்கு அப்புறம் இன்னக்கித்தான் ஒருத்தரு எங்களக் குடுக்கிற ஆளுங்கன்னு நெனச்சிருக்காரு, அதக் கெடுத்துறாதீங்க'ன்னாங்க."